ஸ்பெயின் சமையலும் தங்கவயல் அடுப்பும்

சங்க இதழுக்கு நான் எழுதினால் இரயிலைப் பற்றித்தான் எழுதுவேன் என்று நண்பர்கள் எதிர்பார்ப்பார்கள். முப்பத்தாறு ஆண்டுகள் தண்டவாளத்தோடு வாழ்ந்தவனுக்கு வேறு என்ன தெரியும்? இந்த முறை சமையலைப் பற்றி எழுதுகிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

மகளும் மருமகனும் வேலை நிமித்தமாக ஸ்பெயின் நாட்டின் தலைநகரான மாட்ரிட்டில் இருந்தபோது, இரண்டு மாதம் அங்கே தங்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அரண்மனை, தேவாலயம், கண்காட்சி எல்லாம் கூட்டிப்போய்க் காட்டினார்கள். என் ஆசை வேறாக இருந்தது. தெற்கே வெல்வா மாகாணத்தில் ரியோ டின்டோ என்று ஒரு பழைய சுரங்க வட்டாரம். 1873-ல் ஓர் ஆங்கிலேயக் கம்பெனி அதை விலைக்கு வாங்கி 1954 வரை நடத்தியது. நம் ஊரைப் போலவே துரைமார் குடியிருப்பு தனி, தொழிலாளர் வீடுகள் தனி. 1875-ல் போட்டு முடித்த சுரங்க இரயில் பாதையின் ஒரு பகுதியில் இப்போது சுற்றுலா வண்டி ஓடுகிறது. கம்பெனியின் பழைய ஆஸ்பத்திரிக் கட்டடம் சுரங்க அருங்காட்சியகமாகிவிட்டது. அந்த வண்டியில் ஒருமுறை ஏறிவிட வேண்டும் என்று அடம்பிடித்துப் போனேன்.

ஏறினேன், பார்த்தேன், மகிழ்ந்தேன். ஆனால் ஊர் திரும்பிய பிறகு மனத்தில் நின்றது அந்த வண்டி அல்ல. அன்று மதியம் சாப்பிட்ட ஒரு தட்டு.

அதன் பெயர் மிகாஸ். மீந்துபோன பழைய ரொட்டியைப் பிய்த்து, தண்ணீர் தெளித்து ஊறவைத்து, பூண்டையும் எண்ணெயையும் போட்டுப் பொலபொலவென்று வறுத்தெடுப்பது. ஆடு மேய்ப்பவர்களும் வயலில் கூலி வேலை செய்தவர்களும் சாப்பிட்டு வளர்ந்த உணவு. சுருங்கச் சொன்னால் அந்த ஊர்ப் பழைய சோறு. அதைத்தான் உணவு விடுதியின் விலைப்பட்டியலில் மேலே எழுதியிருந்தார்கள். பரிமாறியவர், "எங்கள் பாட்டி செய்தது போலவே இருக்கும்" என்று சொன்னதாக மகள் மொழிபெயர்த்தாள். சொன்னபோது அவர் முகத்தில் ஒரு பெருமை. அந்தப் பெருமையைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. கோலார் தங்கவயலுக்கு வரும் விருந்தாளிக்கு முன்னால் நாம் அப்படி எதையாவது வைத்திருக்கிறோமா?

நிற்க. முதலில் ஸ்பெயின்காரர்கள் என்னதான் சாப்பிடுகிறார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

உலகப் புகழ் பெற்ற உணவு என்றால் பயேயா. கிழக்குக் கரையில் உள்ள வாலென்சியா வட்டாரத்து உணவு அது. நெல்லை ஸ்பெயினுக்குக் கொண்டுவந்தவர்கள் அராபியர்கள். அங்கே வயலில் வேலை செய்தவர்கள் மதியச் சாப்பாட்டுக்காக, அகலமான தட்டையான இரும்புச் சட்டியில், ஆரஞ்சு மரச் சுள்ளிகளை எரித்துச் சமைத்தார்கள். கோழி, முயல், பச்சை பீன்ஸ், நம் மொச்சை போன்ற ஒரு பெரிய வெள்ளைப் பயறு, தக்காளி, குங்குமப்பூ, கிடைத்தால் நத்தை. இவற்றோடு அரிசியைக் கொட்டி, கிளறாமல் வேகவிடுவார்கள். சட்டியைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கரண்டியோடு சாப்பிடுவார்கள். அடியில் பிடித்த காந்தலுக்குத்தான் போட்டி. நம் வீடுகளில் அடிக்காந்தலைச் சுரண்டித் தின்னப் பிள்ளைகள் சண்டை போடுவதில்லையா? அதேதான். அந்தக் காந்தலுக்கு அவர்கள் மொழியில் சொக்கராட் என்று தனிப் பெயரே இருக்கிறது. 2021-ல் வாலென்சியா மாநில அரசு இந்தச் சமையலைப் பண்பாட்டுச் சொத்தாகவே அறிவித்துவிட்டது.

அடுத்தது டோர்ட்டியா. அரைக்கிலோ உருளைக்கிழங்கை மெல்லிய வில்லைகளாக நறுக்கி, ஒரு வெங்காயத்தோடு நிறைய எண்ணெயில் மெதுவாக வேகவிடவேண்டும், சிவக்கக் கூடாது. எண்ணெயை வடித்துவிட்டு, அடித்து வைத்த ஆறு முட்டையில் கலந்து, வாணலியில் தடிமனாக ஊற்றி, ஒரு தட்டைக் கவிழ்த்துத் திருப்பிப் போட்டால் முடிந்தது. வெங்காயம் போடலாமா கூடாதா என்று நாடே இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறது!

கஸ்பாச்சோ என்பது தென்பகுதியின் வெயில்கால உணவு. ஒரு கிலோ பழுத்த தக்காளி, ஒரு வெள்ளரிக்காய், ஒரு குடைமிளகாய், இரண்டு பல் பூண்டு, ஊறவைத்த ரொட்டித் துண்டு, இரண்டு கரண்டி காடி, கொஞ்சம் ஆலிவ் எண்ணெய், உப்பு. பச்சையாகவே அரைத்து வடிகட்டிக் குளிரவைத்துக் குடிக்கவேண்டும். தக்காளி மலிந்து கிடக்கும் நம் கோலார் மாவட்டத்துக்கு ஏற்ற பண்டம். தக்காளி ஐரோப்பாவுக்கு வருவதற்கு முன்னால் ரொட்டியும் பூண்டும் எண்ணெயும் காடியும் தண்ணீருந்தான் அதில் இருந்தன. வெயிலில் உழைக்கும் ஏழைக்கு வயிறும் நிறையவேண்டும், தாகமும் தணியவேண்டும். நம் கேழ்வரகுக் கூழ் பிறந்த காரணமும் அதுதானே?

இன்னும் கேளுங்கள். கடல் இல்லாத உள்நாட்டு ஊர்களில், நோன்பு நாட்களில், உப்பிட்டுக் காயவைத்த பகலாவ் என்ற மீனை ஊறவைத்துச் சமைக்கிறார்கள். நம் மொழியில் கருவாடு. லியோன் என்ற பகுதியில் மாட்டிறைச்சியை உப்பிட்டுப் புகைபோட்டு உலர்த்தி, செசினா என்று மெல்லிசாகச் சீவித் தருகிறார்கள். நம் மொழியில் உப்புக்கண்டம். மாட்ரிட்டின் பெயர் சொல்லும் உணவுகளில் ஒன்று கயோஸ். மாட்டுக் குடலை மிளகாய்த்தூள் போட்டுக் கொதிக்கவைத்த குழம்பு. நம் மொழியில் போட்டி. மோர்சியா என்பது இரத்தத்தை வெங்காயத்தோடோ அரிசியோடோ சேர்த்துக் குடலில் அடைத்தது. நம் இரத்தப் பொரியலுக்கு அண்ணன் முறை. கொண்டைக்கடலையையும் எலும்பையும் கறியையும் ஒரே பானையில் மணிக்கணக்காக வேகவைத்து, முதலில் சாறு, பிறகு கடலை, கடைசியில் கறி என்று பரிமாறும் கொசீடோவும் ஏழைக் குடும்பம் ஒரு பானையில் நாளை ஓட்டிய வழிதான்.

ஆக, ஸ்பெயின் சமையல் என்று உலகம் கொண்டாடும் பட்டியலில் பெரும்பாலானவை அரண்மனையிலிருந்து வந்தவை அல்ல. மேய்ப்பர், உழவர், மீனவர், சுரங்கத் தொழிலாளி வீட்டு அடுப்பிலிருந்து வந்தவை. 1936 முதல் 1939 வரை நடந்த உள்நாட்டுப் போருக்குப் பிறகு அங்கே பஞ்சம். 1952 வரை ரேஷன். பசியை நன்றாக அறிந்த மக்கள் அவர்கள். ஆனாலும் பசிக்காலத்து உணவை மறைக்கவில்லை. 2010-ல் இத்தாலி, கிரேக்கம், மொராக்கோவோடு சேர்ந்து ஸ்பெயினின் உணவு முறையும் யுனெஸ்கோவின் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது.

தங்கவயல்காரர்கள் நினைத்துப் பார்க்க இதில் இன்னொரு செய்தியும் உண்டு. 1492-ல் ஸ்பெயின் அரசியின் ஆதரவில் கப்பலேறிய கொலம்பஸ் தேடிப்போனது தங்கமும் மிளகும். ஆனால் அவரும் அவருக்குப் பின் போனவர்களும் திறந்துவிட்ட வழியில் வந்து சேர்ந்தவை மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, மக்காச்சோளம். பிறகு போர்த்துக்கீசியர் வழியாக மிளகாய் நம் நாட்டுக்கு வந்தது. அமெரிக்காவிலிருந்து வாரிக்கொண்டு வந்த தங்கத்தை ஸ்பெயின் மன்னர்கள் போரிலும் கடனிலும் தொலைத்தார்கள். மிளகாய் மட்டும் உங்கள் வீட்டிலும் என் வீட்டிலும் இருக்கிறது.

நம் ஊர்க் கதையும் ஏறக்குறைய அதுதான். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே வேலையைத் தொடங்கியது. ஏறத்தாழ 800 டன் தங்கம் இந்த மண்ணிலிருந்து போயிற்று. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் நின்றது. தங்கம் யார் கழுத்தில் இருக்கிறதோ, நமக்குத் தெரியாது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் தென்னார்க்காட்டிலிருந்தும் மூட்டை முடிச்சோடு வந்து, தட்டி வீடுகளில் குடியேறிய நம் பாட்டிமார் கொண்டுவந்த சமையல் மட்டும் மிஞ்சியது. அதையாவது காப்பாற்றினோமா?

அந்தச் சமையல் இலேசானதல்ல. களியும் கீரைக் கடைசலும்; மொச்சைக் கொட்டையும் கத்தரிக்காயும் போட்ட கருவாட்டுக் குழம்பு; மார்கழி தையில் அவரை வந்தால், கொட்டையை ஊறவைத்துத் தோல் நீக்கிச் செய்யும் பிதுக்கம் பருப்புக் குழம்பு; சம்பள நாள் கறி, மறுநாள் அதே சட்டியில் எலும்புச் சாறு; ஆடி மாதக் கூழ். கன்னடத்து அவரையும் ஆர்க்காட்டுக் கருவாடும் ஆந்திரக் காரமும் ஒரே சந்தில் சந்தித்துப் பிறந்த ருசி இது. வேலூரில் இது அப்படியே கிடைக்காது, பெங்களூரிலும் கிடைக்காது. இரவு ஷிப்டுக்குப் போகிறவர், பகல் ஷிப்டிலிருந்து வருகிறவர் என்று ஒரே வீட்டில் மூன்று வேளைக்கு மூன்று நேரம் அடுப்பு மூட்டிய பெண்கள் உண்டாக்கியது.

இதே ஊரின் ஆங்கிலோ இந்தியச் சமையலுக்கு இந்த நிலைமை இல்லை. மிளகுத் தண்ணி, கோளாக் குழம்பும் மஞ்சள் தேங்காய்ச் சோறும், காடி ஊற்றிய விந்தாலு எல்லாம் அச்சில் ஏறிவிட்டன. தங்கவயலில் பிறந்த பிரிட்ஜெட் வைட்-குமார் என்ற அம்மையார் அந்தச் சமையலைப் பற்றிப் பல நூல்கள் எழுதிவிட்டார். அவரை வணங்குகிறேன். ஒரே ஊரின் ஒரு பாதி அடுப்பு புத்தகத்தில் இருக்கிறது. மறு பாதியை எழுதவேண்டியவர்கள் நாம்.

நாம் ஏன் எழுதவில்லை? நேரம் இல்லாமலா? இல்லை. கூச்சம். என் கதையையே சொல்லிவிடுகிறேன்.

என் நைனா சாம்பியனில் பூமிக்கு அடியில் வேலை பார்த்தவர். டிப்ளமா முடித்து இரயில்வேயில் பயிற்சிக்குச் சேர்ந்த புதிதில் ஊரிகம் ஸ்டேஷனில் ஏறி வேலைக்குப் போய்வருவேன். முதல் நாள் அம்மா ஆசையாகக் களியும் கருவாட்டுக் குழம்பும் தூக்கில் போட்டுக் கொடுத்தாள். மதியம் திறந்தேன். "யார் டப்பாவிலேர்ந்து இந்த நாத்தம்?" என்று ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். "எந்த ஊர், எந்த லைன்?" என்று இன்னொருவர் கேட்டார். அந்தக் கேள்விக்கு என்ன பொருள் என்று நம்மவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. என்ன சாதி என்று நேராகக் கேட்காமல் கேட்பது அது. மறுநாளிலிருந்து பங்காருப்பேட்டை வருவதற்குள் தூக்கைச் சன்னல் வழியாகக் கவிழ்த்துவிட்டு, கேன்டீனில் இட்லி வாங்கித் தின்றேன்.

இருபது நாள் இப்படிப் போயிற்று. அதே வண்டியில் வந்த பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துச் சொல்லிவிட்டார். அம்மா திட்டவில்லை. "களி எறங்கலையாடா?" என்று மட்டும் கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கும் வந்தன. அவள் இறந்தது 2009-ல். அதுவரை எனக்கு அவள் கருவாட்டுக் குழம்பைக் கட்டிக் கொடுக்கவே இல்லை. நானும் கேட்கவில்லை. இன்று என் மனைவி எத்தனையோ விதமாகச் செய்து பார்த்துவிட்டாள். புளி எவ்வளவு, மொச்சையை வறுத்தா வறுக்காமலா, கருவாடு எப்போது விழவேண்டும்? சொல்ல ஆள் இல்லை.

ஆகவேதான் சொல்கிறேன், நம் கூச்சம் ருசியைப் பற்றியதல்ல. யார் சாப்பிடுகிறார்கள் என்பதைப் பற்றியது. மாட்டுக் குடலை மாட்ரிட்டில் வெள்ளைத் துணி விரித்த மேசையில் வைத்தால் வெளிநாட்டுப் பண்டம். நம் சந்தில் வைத்தால் முகஞ்சுளிப்பு. அங்கேயும் உணவை வைத்து ஆளை அளந்த காலம் உண்டு. 1492-ல் யூதர்களை நாட்டைவிட்டு விரட்டினார்கள். மதம் மாறித் தங்கியவர்கள் உண்மையாகவே மாறினார்களா என்று கண்டுபிடிக்க, பன்றிக்கறி தின்கிறார்களா, எந்த எண்ணெயில் சமைக்கிறார்கள் என்று அடுப்பங்கரையை எட்டிப்பார்த்தார்கள். தட்டைப் பார்த்து மனிதனை எடைபோடுவது எந்த நாட்டில் நடந்தாலும் கேவலந்தான்.

இதற்கு ஒரு மறுப்பும் உண்டு. என் நண்பர் ஒருவர், அவரும் சுரங்கத் தொழிலாளியின் மகன்தான், கோபமாகவே கேட்டார்: "களியை ஆசைப்பட்டா தின்னோம்? அரிசி வாங்க வழியில்லாமல் தின்னோம். வறுமையைப் போய்ப் பாரம்பரியம் என்கிறீரே?" நியாயமான கேள்வி. வறுமையைப் போற்றச் சொல்லவில்லை. நுரையீரலில் தூசி அடைத்துச் செத்தவர்களின் ஊர் இது. அதில் போற்ற ஒன்றுமில்லை. நான் போற்றச் சொல்வது, அந்த வறுமையிலும் கையில் இருந்ததை வைத்து ருசியாகவும் சத்தாகவும் சமைத்துப் போட்ட பெண்களின் அறிவை. வேடிக்கையைப் பாருங்கள்: 2023-ஆம் ஆண்டை ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அன்று சிரித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பெங்களூர்க் கடைகளில் கேழ்வரகை அதிக விலை கொடுத்து வாங்குகிறார்கள். தானியம் கௌரவம் பெற்றுவிட்டது. அதைக் கிண்டிய கைக்கு இன்னும் கௌரவம் வரவில்லை.

ஸ்பானிய மொழி பேசும் மெக்சிகோ நாட்டில் ரியல் டெல் மோண்டே என்று ஒரு வெள்ளிச் சுரங்க ஊர். 1824-ல் அதை நடத்த வந்த ஆங்கிலேயக் கம்பெனியின் முதல்வர் ஜான் டெய்லர். பின்னால் நம் ஊருக்கு வந்த கம்பெனி அவர் குடும்பத்தாருடையதுதான். இங்கே வந்தது போலவே அங்கேயும் இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து சுரங்கக்காரர்கள் வந்தார்கள். உருளைக்கிழங்கும் கறியும் வைத்து மடித்துச் சுட்ட தங்கள் பணியாரத்தைக் கொண்டுவந்தார்கள். உள்ளூர் மக்கள் அதில் மிளகாயைச் சேர்த்துத் தமதாக்கிக் கொண்டார்கள். இன்று அந்த ஊரில் அந்தப் பண்டத்துக்கு ஓர் அருங்காட்சியகமே இருக்கிறது. ஆண்டுதோறும் திருவிழா நடக்கிறது. சுரங்கத் தொழிலாளி மதியம் தின்ற பண்டம் இன்று ஊருக்கே சோறு போடுகிறது.

நம் ஊருக்கும் இப்போது ஆட்கள் வருகிறார்கள். 2018-லும் 2022-லும் வந்த சினிமாப் படங்களைப் பார்த்துவிட்டு, சயனைடு மேட்டின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். "இங்கே என்ன விசேஷமாகக் கிடைக்கும்?" என்று கேட்டால் பிரியாணிக் கடையைக் காட்டி அனுப்புகிறோம். நம் சங்க விழாக்களிலும் செட்டிநாடு இருக்கிறது, நெய் ரோஸ்ட் இருக்கிறது. நம் லைன் வீட்டுச் சமையல் இல்லை.

பொறியாளன் என்ற முறையில் என் யோசனைகள் எளியவை. ஒன்று: இந்த இதழில் மாதம் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். எழுபது வயது தாண்டிய நம் தாய்மார் ஒருவரிடம் போய் ஒரு சமையலைக் கேட்டு எழுதுங்கள். எந்த லைனில் அது செய்யப்பட்டது என்பதையும் குறியுங்கள். இரண்டு: அவர் சமைக்கும்போது பக்கத்தில் தராசோடு நில்லுங்கள். ஒரு கை, ஒரு சிட்டிகை, கண் அளவு என்பது அவரோடு போய்விடும். கிராம் கணக்கு போகாது. மூன்று: அடுத்த ஆண்டு விழாவில் களிக்கும் கருவாட்டுக்கும் போட்டிக்கும் ஒரு கடை போடுங்கள். பெயரை மாற்றாமல், போட்டி என்றே பலகையில் எழுதுங்கள்.

முதல் குறிப்பை நானே தருகிறேன். தராசு வைத்து நானே செய்து பார்த்தது. ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவிட்டு உப்பும் 75 கிராம் அரிசி நொய்யும் போடவும். நொய் வெந்து குழைந்ததும் 300 கிராம் கேழ்வரகு மாவை நடுவில் குவியலாகக் கொட்டவும். உடனே கிளறக் கூடாது. மூடி, சிறு தீயில் பத்து நிமிடம் விட்டு, பிறகு துடுப்பால் கட்டியில்லாமல் அழுத்திக் கிண்டவும். மேலும் ஐந்து நிமிடம் மூடி வைத்து, கையை நனைத்துக்கொண்டு உருட்டவும். நான்கு உருண்டை வரும்.

இதற்குக் குழம்பு வேண்டுமே என்பீர்கள். அதற்கு என்னிடம் அளவு இல்லை. சாம்பியன் பக்கத்தில் மொச்சைக் கொட்டையும் கத்தரிக்காயும் போட்டுக் கருவாட்டுக் குழம்பு வைக்கத் தெரிந்த பெரியவர்கள் யாராவது இருந்தால், அன்புகூர்ந்து இந்த இதழுக்கு எழுதுங்கள். இல்லை, சொல்லியனுப்பினாலும் போதும். தராசை எடுத்துக்கொண்டு நானே வருகிறேன்.